கோடைப் பந்திக்குப் புளிப்பு

கத்திரி வெயில் தொடங்குகிற மே மாதத்தில்தான் நம் இல்லங்களில் விருந்தினர் வருகையும் தொடங்குகிறது. பள்ளிகளுக்கு விடுமுறை. சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் மக்கள் பேரப்பிள்ளைகளோடு ஊர் வந்து சேர்கிறார்கள். துபையில் வேலை பார்க்கும் மருமகன் முப்பது நாள் விடுப்பில் வருகிறார். சிங்கப்பூர் மாமியும் அதே மாதத்தில்தான் வருகிறார். வந்தவர்களுக்கு வெறும் சோறும் ஆணமும் வைத்து அனுப்ப மனம் ஒப்புமா? ஒரு நாள் நெய்ச்சோறு, ஒரு நாள் பிரியாணி, ஒரு நாள் இடியப்பமும் கறியும் என்று அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. வெளியே நிழலிலேயே 40 டிகிரி செல்சியஸ். அடுப்படியில் எவ்வளவு என்று அளந்து பார்த்தவர் இல்லை. அங்கே நிற்பவளுக்குத் தெரியும்.

பகல் இரண்டு மணிக்குப் பிரியாணி உண்டவர்கள் மூன்று மணிக்கு மின்விசிறியின் கீழ் உருண்டு கிடப்பார்கள். ஏப்பம் புளித்து வருகிறது, தண்ணீர் குடித்தும் தாகம் தீரவில்லை என்பார்கள். சமைத்தவளுக்கோ அந்நேரம் உண்ணவே தோன்றாது. அண்டா கழுவும் வேலை வேறு காத்திருக்கும். உபசரிப்பு நம் சமுதாயத்தின் பெருமைக்குரிய குணம். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால், கோடைப் பகலில் நெய்யும் கறியும் கொண்டே விருந்தோம்ப வேண்டும் என்று எந்த ஏட்டில் எழுதியிருக்கிறது?

நம்மைவிடக் கொடிய வெயில் காயும் நாடுகள் உண்டு. ஈராக்கின் பஸ்ரா நகரில் 2016 ஜூலையில் வெப்பம் 53.9 டிகிரி செல்சியஸைத் தொட்டது. சூடான், எகிப்து, ஈரான் ஆகிய நாடுகளும் வெயிலுக்குப் பேர் போனவையே. அந்நாட்டினரும் விருந்தோம்பலில் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். ஆயினும் அவர்களுடைய கோடை உணவைப் பார்த்தால் ஒன்று புலப்படும். நெய் பின்னுக்குப் போய்விடுகிறது. புளிப்பு முன்னுக்கு வந்துவிடுகிறது. ஓரிடத்தில் அது சிர்காவாக இருக்கிறது, ஓரிடத்தில் தயிராக, ஓரிடத்தில் காய்ந்த எலுமிச்சையாக, ஓரிடத்தில் ஒரு செடியின் சிவந்த இதழாக. வெயிலை எதிர்கொள்ள உலகின் பல மூலைகளில் வாழும் மக்கள், ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளாமலே கண்டுபிடித்த மருந்து புளிப்பு என்று சொல்லத் தோன்றுகிறது.

இதற்குக் காரணமும் உண்டு. வெப்பம் மிகும்போது பசி மந்தப்படுகிறது, நாக்கு வறள்கிறது. புளிப்பு நாவில் பட்டதும் உமிழ்நீர் பெருகுகிறது, உண்ண வேண்டும் என்ற விருப்பம் மீள்கிறது. வியர்வையோடு உப்பும் உடலைவிட்டு வெளியேறுகிறது அல்லவா? புளிப்போடு ஒரு சிட்டிகை உப்பு சேர்ந்துவிட்டால் அந்த இழப்பும் ஓரளவு ஈடாகிறது. மிளகாயின் உறைப்பு வியர்க்க வைக்கிறது. அந்த வியர்வை உலரும்போது உடல் குளிர்கிறது. வெப்ப நாட்டார் காரம் உண்பதைக் கண்டு வியப்பவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் கடற்கரை ஊர்களின் புளியாணம் இந்த மருந்தின் உள்ளூர்ப் பெயர்தான். களறிச் சாப்பாட்டில் கறியின் கனத்தைக் கரைப்பதற்கென்றே அது ஊற்றப்படுகிறது. கோடையில் அதை அடுப்பில் ஏற்றவே வேண்டியதில்லை. எலுமிச்சை அளவு புளியை மூன்று குவளை நீரில் கரைத்து வடிகட்டி, சின்ன வெங்காயத்தையும் பச்சை மிளகாயையும் உப்போடு கையால் பிசைந்து சேர்த்து, கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு, மண்பானையில் அரைமணி நேரம் வைத்தால் போதும். நம்மில் பலர் இதை ஏழை வீட்டுக் குழம்பு என்று எண்ணி, விருந்தாளி முன் வைக்கக் கூசுகிறார்கள். அதே புளியைத் திமிஷ்கிலும் கெய்ரோவிலும் எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்று தெரிந்தால் கூச மாட்டார்கள்.

அங்கே புளிச் சாறு ஒரு மதிப்புமிக்க பானம். பெரிய பித்தளைக் கலத்தை உடலோடு கட்டிக்கொண்டு, கையில் கிண்ணங்களைத் தட்டி ஒலி எழுப்பியபடி தெருவில் வரும் புளிச்சாறு வணிகர் அந்நகரங்களின் அடையாளங்களுள் ஒருவர். ரமளான் மாலைகளில் அவரைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். புளியை நெடுநேரம் ஊறவைத்து, வடிகட்டி, சர்க்கரை சேர்த்துக் குளிர வைப்பதுதான் செய்முறை. நம் வீட்டில் சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, சுக்கும் ஏலமும் தட்டிச் சேர்த்தால் அதுதான் பானகம். அரபியர் புளியை ‘தம்ர் ஹிந்தி’ என்கிறார்கள். இந்தியப் பேரீச்சை என்பது அதன் பொருள். ஆங்கிலப் பெயரும் அதிலிருந்து பிறந்ததே. புளியமரத்தின் தாயகம் ஆப்பிரிக்கா என்று தாவர இயலார் சொல்கிறார்கள் என்றாலும், பெயரில் நம் நாடு நிலைத்துவிட்டது.

இந்தப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அரபியருக்கு இந்தியப் பேரீச்சையான அதே புளி, மலாய் மொழியில் ‘அசாம் ஜாவா’. அதாவது ஜாவாத் தீவின் புளிப்பு. எலுமிச்சையை உப்பு நீரில் வேகவைத்து, கறுத்து ஓடு போலாகும்வரை வெயிலில் காயவைத்து வளைகுடாவில் ‘லூமி’ என்று விற்கிறார்கள். ஈராக்கியர் அதை ‘பஸ்ரா எலுமிச்சை’ என்கிறார்கள். ஈரானியரோ ‘ஓமான் எலுமிச்சை’ என்கிறார்கள். அடுத்து நாம் பார்க்கப்போகும் சிவப்புப் பானத்தை மெக்சிகோ மக்கள் ஜமைக்காத் தீவின் பெயரால் அழைக்கிறார்கள். யாரும் புளிப்பைத் தனக்கே உரியது என்று சொல்லிக்கொள்வதில்லை. துறைமுகத்தில் வந்திறங்கிய மூட்டையைப் பார்த்து, அது வந்த வழியின் பெயரையே சூட்டிவிட்டார்கள். கப்பல் வணிகத்தில் வாழ்ந்த நம் முன்னோருக்கு இது விளங்கியிருக்கும்.

புளிச்சையின் சிவந்த இதழ்

உம்ராவுக்கும் ஹஜ்ஜுக்கும் சென்று வந்தவர்களில் சிலர், கண்ணாடிக் குவளையில் மாணிக்கம் போல் சிவந்த ஒரு பானத்தைப் பருகியிருக்கக்கூடும். அதன் பெயர் ‘கர்கதே’. சூடானிலும் எகிப்திலும் அது வீட்டுக்கு வீடு உண்டு. எகிப்தில் திருமண வீடுகளிலும் வழங்குகிறார்கள். செம்பருத்திப் பூவில் செய்தது என்று நம்மவர் சொல்வது முழுவதும் சரியன்று. நம் வீட்டு முற்றத்துச் செம்பருத்தி வேறு. இது அதன் உறவுக்காரச் செடியான புளிச்சையைச் சேர்ந்தது. பூ உதிர்ந்த பின் காயைச் சுற்றி நிற்கும் சதைப்பற்றுள்ள சிவந்த புறவிதழ்களைப் பறித்துக் காயவைத்ததுதான் கர்கதே.

ஆந்திரத்தார் இதே செடியின் இலையைக் கோங்குரா என்று பறித்துத் துவையல் அரைக்கிறார்கள். பர்மியர் இலையை வதக்கிச் சோற்றோடு உண்கிறார்கள். செனகல் நாட்டில் இதழைப் பானமாக்கி ‘பிஸ்ஸாப்’ என்கிறார்கள். நைஜீரியாவில் அதற்கு ‘ஸோபோ’ என்று பெயர். ஒரே செடியில் ஒருவர் இலையை எடுத்துக்கொண்டார், மற்றவர் இதழை எடுத்துக்கொண்டார். நாம் கீரையை மட்டும் கிள்ளிக்கொண்டு இதழை ஆட்டுக்குப் போட்டுவிட்டோம்!

செய்வது மிக எளிது. சூடானில் குளிர்ந்த நீரில் ஊறவைப்பதே பெருவழக்கு. ஒரு பெரிய கைப்பிடி காய்ந்த இதழை அலசி, ஒரு லிட்டர் குடிநீரில் இரவு இஷாவுக்குப் பின் போட்டு மூடி வைத்தால் காலையில் நீர் இரத்தச் சிவப்பாக இருக்கும். வடிகட்டிச் சிறிது சர்க்கரையோ தேனோ கலந்து குளிர வைக்க வேண்டியதுதான். எகிப்தியர் கொதிக்க வைத்து வடிக்கிறார்கள். அது இன்னும் கடுமையான புளிப்பாக இருக்கும். இஞ்சி ஒரு துண்டு தட்டிப் போடுவது மேற்கு ஆப்பிரிக்க வழக்கம். நம் நாவுக்கு அதுதான் பிடிக்கும் என்பது என் எண்ணம். அலுமினியப் பாத்திரத்தில் மட்டும் ஊறவைக்க வேண்டாம். புளிப்பு உலோகத்தை அரிக்கும். கண்ணாடி, பீங்கான், மண், எவர்சில்வர் ஆகியவை ஏற்றவை.

கர்கதே இரத்த அழுத்தத்தைச் சற்றுக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே அழுத்தத்திற்கு மாத்திரை உட்கொள்வோர், மருந்தோடு இதையும் தினமும் அளவின்றிப் பருகாமல் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நலம். கருவுற்ற பெண்களும் அவ்வாறே.

காய்ந்த இதழ் இப்போது இணைய வணிகத்தில் கிடைக்கிறது. வளைகுடாவிலிருந்து வருபவரிடம் சொல்லி அனுப்பினால் இன்னும் நல்ல சரக்கு வரும். சூடானின் கொர்தொஃபான் பகுதி இதற்குப் பேர் பெற்றது. 2023 ஏப்ரலில் மூண்ட போர் அந்நாட்டு உழவர்களையும் வணிகர்களையும் நிலைகுலையச் செய்தது. மூட்டையின் மேல் சூடான் என்ற பெயரைப் பார்க்கும்போது, அதைக் காயவைத்த பெண்கள் எங்கே எப்படி இருக்கிறார்களோ என்ற எண்ணம் எழுவதைத் தவிர்க்க முடிவதில்லை.

சிர்காவும் வெள்ளரியும்

வீட்டில் தொட்டுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது சிர்கா மட்டுமே இருக்கிறது என்றார்கள். அதையே சிறந்த தொடுகறி எனப் பாராட்டி அவர்கள் உண்டதை ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். கனிந்த புதுப் பேரீச்சையை வெள்ளரிக்காயோடு சேர்த்து உண்டதையும் ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. இனிப்பும் சூடும் உள்ளதோடு நீரும் குளிர்ச்சியும் உள்ளதைச் சேர்ப்பது! அரேபியாவின் கோடைக்கு இதைவிட எளிய சிற்றுண்டி இருக்க முடியாது. நம் வீடுகளில் பேரீச்சைப் பெட்டி இருக்கிறது, சந்தையில் வெள்ளரிப்பிஞ்சு கொட்டிக் கிடக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பவர் எத்தனை பேர்?

சிர்காவை நாம் ஊறுகாய்க்கும் சீன நூடுல்ஸுக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டோம். ஈரானியர் அதில் சர்பத்தே செய்கிறார்கள். பெயர் ‘சிகஞ்சபீன்’. சிர்கா என்ற சொல்லும் தேனைக் குறிக்கும் ‘அங்கபீன்’ என்ற பாரசீகச் சொல்லும் இணைந்தது அது. இப்னு சீனா (980–1037) போன்ற பேரறிஞர்களின் மருத்துவ எழுத்துகளில் இடம்பெற்ற பழம்பெரும் பானம். தேனின் இடத்தை இப்போது பெரும்பாலும் சர்க்கரை பிடித்துக்கொண்டது.

இரண்டு குவளைச் சர்க்கரையை ஒரு குவளை நீரில் கரைத்துச் சிறுதீயில் கொதிக்கவிட வேண்டும். பாகு சற்றே கெட்டிப்பட்டதும் அரைக் குவளை சிர்கா ஊற்றி மேலும் பத்து நிமிடம் வைக்கலாம். இறக்கியவுடன் கழுவித் துடைத்த புதினா ஒரு கட்டை அப்படியே அதில் அமிழ்த்தி மூடிவிட வேண்டும். ஆறியபின் புதினாவை எடுத்துப் பிழிந்துவிட்டுச் சாற்றைப் புட்டியில் ஊற்றி வைத்தால் கோடை முழுவதும் இருக்கும். விருந்தாளி வந்ததும் குவளைக்கு இரண்டு கரண்டி சாறு, குளிர்ந்த நீர், துருவிய வெள்ளரி ஒரு கைப்பிடி. குடிப்பதா உண்பதா என்று பிள்ளைகள் கேட்பார்கள், கரண்டியையும் கொடுத்துவிடுங்கள். ஈரானில் இதன் கெட்டிச் சாற்றில் லெட்யூஸ் என்னும் சாலட் கீரையின் இலைகளைத் தோய்த்துக் கடித்துத் தின்பதும் உண்டு. கடையில் சிர்கா வாங்கும்போது இரசாயன அமிலத்தை நீர்த்து விற்பதை விடுத்து, பழத்திலோ தென்னையிலோ கரும்பிலோ இயற்கையாகப் புளிக்கவைத்ததைப் பார்த்து வாங்க வேண்டும். மணமே வேறாக இருக்கும்.

தயிரில் அவர்கள் செய்யும் ‘ஆப்தூக் கியார்’ ஒன்றும் சொல்லத்தக்கது. கெட்டித் தயிரைக் குளிர்ந்த நீரில் கடைந்து, பொடியாக நறுக்கிய வெள்ளரி, காய்ந்த புதினா, உலர்திராட்சை, அக்ரூட் பருப்பு, காய்ந்த ரோஜா இதழ் ஆகியவற்றைத் தூவி, காய்ந்த ரொட்டியை நொறுக்கிப் போட்டுப் பகலுணவாகவே உண்கிறார்கள். அடுப்பு தேவையில்லை. அக்ரூட் விலை கூடுதல் என்றால் முந்திரி போதும். ரோஜா இதழ் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. துருக்கியரின் வெள்ளரித் தயிரும், நம் தயிர்ப் பச்சடியும் இதன் சிற்றன்னை மக்கள் எனலாம். மோரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. காய்ந்த புதினாப் பொடியை மட்டும் ஒருமுறை சேர்த்துப் பாருங்கள்.

ரொட்டி நொறுக்கிப் போடும் பழக்கம் மேற்கே லெபனானுக்கும் சிரியாவுக்கும் போனால் ‘ஃபத்தூஷ்’ ஆகிறது. மீந்த ரொட்டியை வீணாக்கக் கூடாது என்ற சிக்கனத்தில் பிறந்த உணவு அது. வெள்ளரி, தக்காளி, வெங்காயம், புதினா, கொத்தமல்லி இவற்றோடு பருப்புக்கீரைத் தளிரையும் பச்சையாகவே சேர்க்கிறார்கள். வரப்பில் மண்டிக் கிடக்கும் அக்கீரைக்கும் சற்றே புளிப்புண்டு. மேலே எலுமிச்சைச் சாறு, ஆலிவ் எண்ணெய், உப்பு, பிறகு ‘சுமாக்’. இது ஒரு புதர்ச்செடியின் கருஞ்சிவப்புக் கனியைக் காயவைத்து இடித்த தூள். புளிப்பும் துவர்ப்பும் கலந்தது. கிடைக்காதவர்கள் மாங்காய்த் தூளைப் பயன்படுத்தலாம். சரியாக அதே சுவை வராது என்றாலும் குறை தெரியாது. முதல் நாள் மீந்த சப்பாத்தியைத் தோசைக்கல்லில் மொறுமொறுப்பாக வாட்டி நொறுக்கி, பரிமாறும் நொடியில் சேர்க்க வேண்டும். முன்கூட்டியே கலந்தால் ஊறிச் சவசவத்துவிடும். இறைச்சி இல்லாமல் வாப்பாவுக்கு இறங்காது என்ற வீட்டில், காலையிலேயே வேகவைத்து ஆறிய கோழியைப் பிய்த்து இதன் மேல் பரப்பிவிடலாம்.

பர்மாவும் பினாங்கும் தந்தவை

மேற்கைப் போலவே கிழக்கும் நமக்குப் புளிப்பைத் தந்திருக்கிறது. அது நம் உறவினர் வாயிலாகவே வந்தது. 1962இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, அடுத்த ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆக்கப்பட்டபோது, பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கப்பலேறித் திரும்பினார்கள். இரங்கூனில் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பங்கள் பலவும் அவர்களுள் இருந்தன. கையில் கொண்டுவர அனுமதிக்கப்பட்டது மிகச் சொற்பம். நாக்கில் இருந்த சுவையை மட்டும் எந்தச் சுங்க அதிகாரியாலும் பறிக்க இயலவில்லை. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய தெருக்களில் இன்றும் மாலை வேளையில் விற்கும் ‘அத்தோ’ அப்படி வந்ததுதான். கையால் பிசைந்து கலந்தது என்ற பொருளுடைய பர்மியச் சொல்லின் திரிபு இது. பர்மியர் நூடுல்ஸை மட்டுமன்று, சோறு, இஞ்சி, பப்பாளிக்காய், தேயிலை என எதையும் இவ்வாறு கலந்து உண்பர்.

அத்தோவைச் சூடாக உண்ண வேண்டியதில்லை என்பதே கோடைக்கு அதன் சிறப்பு. காலையில் வெயில் ஏறுமுன் தடித்த நூடுல்ஸை வேகவைத்து, வடித்து, எண்ணெய் தடவி வைத்துக்கொள்ள வேண்டும். பூண்டைச் சீவி எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, பூண்டையும் அந்த எண்ணெயையும் தனித்தனியே எடுத்து வைக்க வேண்டும். வெங்காயத்தையும் அப்படியே. அடுப்பு வேலை அத்தோடு முடிந்தது. உண்ணும் நேரத்தில் அகன்ற தாம்பாளத்தில் நூடுல்ஸைப் போட்டு, மெல்லியதாகச் சீவிய முட்டைக்கோஸ், கெட்டிப் புளிக்கரைசல், பூண்டெண்ணெய், வறுத்துப் பொடித்த கடலைமாவு, வறமிளகாய்த் தூள், உப்பு, கொத்தமல்லி எல்லாம் சேர்த்துச் சுத்தமான கையால் நன்றாகப் பிசைய வேண்டும். கரண்டியால் கலந்தால் புளி உள்ளே இறங்காது. இறுதியில் பொரித்த பூண்டும் வெங்காயமும் நொறுக்கிய தட்டையும் தூவி, எலுமிச்சை பிழிந்தால் ஆயிற்று. கடைகளில் கூடவே வாழைத்தண்டு சேர்த்த சூப்பு ஒரு கிண்ணம் கொடுப்பார்கள். கோடைப் பகலில் அது வேண்டாம்.

பினாங்குத் தீவில் தனியாகக் கோடை என்று ஒன்று இல்லை. ஆண்டு முழுவதும் புழுக்கம்தான். அங்கே தமிழ் முஸ்லிம்கள் வேரூன்றி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அதற்குச் சான்று. அத்தீவின் நாசிக் கந்தாரைப் பற்றி நம் இதழ்களில் எழுதாதவர் இல்லை, ஆகையால் அதை விடுகிறேன். கோடைக்கு அது கனமும்கூட. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ‘ரோஜா’. மலாய் மொழியில் கலவை என்று பொருள். பழங்களில் செய்யும் ரோஜா நம் மாங்காய்ப் பருவத்துக்கென்றே படைத்தது போன்றது. அரைப்பழுப்பு மாங்காய், அன்னாசி, கொய்யா, வெள்ளரி இவற்றைத் துண்டு போட்டுக்கொள்ள வேண்டும். கெட்டிப் புளிக்கரைசலில் கருப்பட்டியைக் கரைத்து, ஊறவைத்து அரைத்த வறமிளகாய் விழுதைச் சேர்த்தால் குழம்பு போன்ற சாந்து கிடைக்கும். மலாய்க்காரர் இதில் இறால் விழுதைக் கரைப்பார்கள். நாம் வறுத்துப் பொடித்த சென்னாக்கூனி அரைக்கரண்டி போடலாம். துண்டுகளைச் சாந்தில் புரட்டி, வறுத்து ஒன்றிரண்டாக உடைத்த வேர்க்கடலையைத் தாராளமாகத் தூவிவிட வேண்டும். இனிப்பு, புளிப்பு, உறைப்பு, உவர்ப்பு நான்கும் ஒரே வாயில்! கூனியின் வாசம் பிடிக்காத மருமகள் இருந்தால், அவருக்கென்று ஒரு கிண்ணம் முன்னரே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. முதலாவது சர்க்கரை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவு உள்ளோர் 10 கோடிக்கும் மேல். நம் சமுதாயத்தில் அந்நோய் இல்லாத வீடு அரிது. சர்பத் என்று பெயரிட்டுப் பாகைக் கரைத்துக் கொடுத்தால் அது குளிர்ச்சி ஆகாது. அவர்களுக்குச் சர்க்கரை சேராத கர்கதேயும் உப்பிட்ட மோரும் புளியாணமும் இருக்கின்றன. வயிற்றுப்புண், நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் புளிப்பை அளவோடு கொள்ள வேண்டும். அவர்களுக்கு மோரே நல்லது. இரண்டாவது பனிக்கட்டி. மீனுக்கு வைக்கும் கட்டியைச் சாலையோரச் சர்பத்தில் உடைத்துப் போடும் வழக்கம் இன்னும் ஒழிந்தபாடில்லை; வீட்டில் கொதித்தாறிய நீரில் உறைய வைத்ததே போதும். மூன்றாவது, புளிப்பு இருக்கிறதே என்று நம்பி உணவைத் திறந்து போட்டுவிடக் கூடாது. வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்கு மேலிருந்தால், வேகவைத்த கோழி, நூடுல்ஸ் போன்றவற்றை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைப்பது தவறு. கலக்காமல் குளிர்பெட்டியில் வைத்து, உண்ணும்போது எடுத்துக் கலப்பதுதான் முறை.

‘சோறே இல்லாமல் விருந்தா? ஊர் என்ன சொல்லும்?’ என்று மாமியார் கேட்பது காதில் விழுகிறது. பிரியாணியை யாரும் நாடு கடத்தச் சொல்லவில்லை. மக்ரிபுக்குப் பின் காற்று வீசத் தொடங்கிய நேரத்தில் அதை வைத்துக்கொள்ளலாமே! பகலுக்கு, காலை எட்டு மணிக்குள் அடுப்பை அணைத்துவிடக்கூடிய உணவே போதும். கூடத்தில் பாய் விரித்து, நடுவில் ஸஹன் வைத்து, அதில் ஃபத்தூஷையோ அத்தோவையோ குவித்துவிட்டால் நால்வர் சுற்றி அமர்ந்து உண்ணலாம். தனித்தனித் தட்டு வேண்டாம், ஆணத்துக்கு வேறு கிண்ணம் வேண்டாம், அண்டாவும் வேண்டாம். முக்கியமாக, பரிமாறுகிறவளும் அந்த ஸஹனில் உடன் அமர்ந்துவிடலாம். சூடு ஆறிவிடுமே என்று அவள் அடுப்படிக்கும் கூடத்துக்கும் ஓட வேண்டியதில்லை. இவை ஆறியே இருக்க வேண்டியவை. விடுமுறைக்கு வந்த மகள் தன் உம்மாவோடு ஒரே தட்டில் கைவைத்து உண்டு எத்தனை ஆண்டுகள் ஆயிற்று என்று பல வீடுகளில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பேரப்பிள்ளைகளையும் வேலையில் சேர்த்துக்கொள்ளலாம். வெள்ளரி துருவவும், புதினா ஆயவும், ரொட்டி நொறுக்கவும் பத்து வயதுப் பையனுக்கு இயலும். பெண் பிள்ளைகளை மட்டும் அழைக்க வேண்டாம்.

கர்கதே வடித்தபின் அடியில் தங்கும் இதழ்களை எறிந்துவிடாதீர்கள். அவற்றில் இன்னும் புளிப்பு மிச்சமிருக்கும். சிறிது எண்ணெயில் வறமிளகாயும் பூண்டும் வதக்கி, இந்த இதழ்களையும் உப்பையும் சேர்த்து அரைத்தால் புளிச்சைத் துவையல் போன்றே இருக்கும். மறுநாள் பழையசோற்றுக்கு ஆகும்.